கதவைத் திறக்காத தம்பியின் மன்னிப்பு

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பயபக்தியுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கால் நீங்கலாக மற்றவை நலம். அங்கே உன் நலம், அத்தான் நலம், உன் கோபத்தின் நலம் மூன்றையும் அறிய ஆவல். போனை நீ எடுக்காததால் கடிதம்.

முதலில் நன்றி. ஊர் மின்கம்பமெல்லாம் ஏறி இறங்கியவன், சொந்த வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தேன் என்றதும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மாவுக்கட்டோடு ஆறு வாரம் இவன் என்ன செய்வான் என்று அந்தப் புத்தகத்தை அனுப்பினாயே, அதற்கு. போர்க்காலத்தில் மாவு மில் பரணில் பதினான்கு மாதம் குடும்பத்தோடு ஒளிந்து பிழைத்த ஒரு அம்மா, தானே எழுதியது. நான் சத்தமாகப் படிப்பேன். வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். மகள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் வந்து சுருண்டுகொள்வாள். அவர்கள் ஒரு ரொட்டியை ஒன்பதாக வெட்டிய பக்கத்தில், கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்ன எங்களுக்கு வெட்கமாக இருந்தது. தின்றோம், தூள்கூட விடாமல். இருபத்திரண்டு வருஷ வேலையில் மழை பெய்தாலே என்னை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். மழைநாளில் பெண்டாட்டி பிள்ளையோடு வீட்டுக்குள் இருந்தது இதுதான் முதல் தடவை, அக்கா. அது உன்னால்.

இப்போ குற்றத்துக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் அத்தியாயம். சிப்பாய்ங்க மில் கதவைத் தட்டுறாங்க, பரண்ல கைக்குழந்தை அழப் பார்க்குது, அந்த அம்மா அது வாயைப் பொத்துறா, சரியா அந்த நேரம் பார்த்து நம்ம வீட்டுக் கதவு தட்டுது. சத்தியமா நான் யோசிக்கவே இல்லை. கையைக் காட்டினேன், மகள் விளக்கை அணைச்சா. வீட்டுக்காரி நுனிக்கால்ல போய் அடுப்பை அணைச்சா, குக்கர் விசில் காட்டிக்கொடுத்துடும்னு. நீ பத்து நிமிஷம் தட்டினே, நாங்க பத்து நிமிஷம் மூச்சு விடலை. சத்தம் நின்னதும் தப்பிச்சோம்னு மூணு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம். சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல்ல வந்து, "உங்க அக்கா தூக்குச்சட்டியோட மழையில நின்னாங்க. இனிமே இந்தப் படி மிதிக்க மாட்டேன்னுட்டுப் போனாங்க"ன்னு சொன்னப்போதான் சிப்பாய் யாருன்னு புரிஞ்சுது. திடீர்னு வந்து நிக்கணும்னு நீ குரல் கொடுக்கலையாம். என் மறதிக்கு நீ வெச்ச பேரைச் சொல்லி, வழக்கம்போல 'டேய் அரணை'ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா?

கடைசி அத்தியாயத்தில் போர் முடிஞ்சு அவங்களைத் தேடி வந்தது அந்த அம்மாவோட அக்கா. அவ தட்டினப்பவும் இவங்க திறக்கலை. பேர் சொல்லிக் கூப்பிட்டப்புறம்தான் திறந்தாங்க. என்னால படிக்க முடியலை, மிச்சத்தை மகள்தான் படிச்சா. அக்கா, எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். நீ வராம இருந்துடாதே. இனி யார் தட்டினாலும் முதல் தட்டிலேயே திறப்போம், இது சத்தியம்.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். உன் காலில் விழ இப்போது குனிய முடியவில்லை. கட்டுப் பிரித்ததும் முதல் வேலை அதுதான்.

இப்படிக்கு,
நன்றி மறவாத தம்பி

பி.கு.: இதை உறையில் போடும்போது யாரோ கதவைத் தட்டினாங்க. பழக்கதோஷம், மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டோம். அப்புறம் போய்ப் பார்த்தா தபால்காரர் சீட்டு செருகியிருக்கார்: 'புத்தகப் பார்சல். வீட்டில் ஆள் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.' அனுப்பியவர்னு உன் விலாசம். கோபம் போயிடுச்சா அக்கா? மறுபடி தபால்ல போடாதே, நீயே கொண்டு வா. கதவை மட்டும் தட்டாதே. தெருமுனையிலிருந்தே 'டேய் அரணை'ன்னு கத்து, ஒத்தைக் கால்ல ஓடி வர்றேன்.