சினார்ஜுக் மௌன நோய்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த நோய்களிலேயே மிகவும் கண்ணியமானது எங்கள் ஊர் மௌன நோய்தான். காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லை. தனக்கு அது வந்திருப்பது நோயாளிக்கே தெரியாது. முனைவர் பட்டமும் ஒலிப்பதிவுக் கருவியும் சேர்ந்து அமைந்தவர்களின் கண்ணுக்கு மட்டுமே அது தென்படும். பனிக்கடலோரத்தில் கிடக்கும் சினார்ஜுக் என்ற எங்கள் சிற்றூர்தான் அந்த நோயை உலகுக்கு வழங்கியது. அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆராய்ச்சிக் குழுவின் 'சமூகத் தொடர்பு அலுவலர் மற்றும் மொழிபெயர்ப்பாளர்' ஜேபூட்டி என்பது நான்தான். அடையாள அட்டை இருக்கிறது. கேட்காமலே காட்டுவேன்.

கடல்பனி உடைந்து நார்வால் திமிங்கிலங்கள் எங்கள் விரிகுடாவுக்குள் வருகிற அதே வாரத்தில்தான் விஞ்ஞானிகளும் வருவார்கள். அந்தக் கோடையில் இரண்டு பேர் வந்தார்கள். டோபியாஸ் ரெம்பெல் திமிங்கிலங்களின் சத்தத்தை ஆராய்பவர். கெண்ட்ரா வில்மாட் மக்கள் நலத்தை ஆராய்பவர். தனித்தனியாகக் கேட்டால் அரசாங்கம் நிதி தராது என்பதால், திமிங்கிலத்தையும் மனிதனையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டு வாங்கி வந்திருந்தார்கள். கடலில் இருப்பதைத் திமிங்கிலம் தின்கிறது, திமிங்கிலத்தை நாங்கள் தின்கிறோம், ஆகவே எல்லாம் ஒன்றே என்பது அந்த விண்ணப்பத்தின் தத்துவம். இவ்வளவு ஆழமான ஆன்மிகத்தை நான் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை.

கெண்ட்ரா மிகவும் நேர்மையானவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. எங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று எல்லாக் கேள்விகளையும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி அமைத்திருந்தார். எங்கள் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று முகத்தைப் படம் பிடிக்காமல் குரலை மட்டும் பதிவு செய்தார். பதில் சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் அவர் தயங்கிப் பதிலை மாற்றிவிடக்கூடும் என்று, குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த மின்பலகையையே பார்த்துக் கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் புருவத்தை உயர்த்துவோம். இல்லை என்றால் மூக்கைச் சுளிப்போம். ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்து "ஆமாம்" என்றால், அவர் அடுத்த அறையில் இருப்பவருக்குப் பதில் சொல்கிறார் என்று அர்த்தம்.

முதல் நாள் எனக்குப் பயிற்சி நடந்தது.

"ஜேபூட்டி, அவங்க பேசறத மட்டும்தான் நீங்க மொழிபெயர்க்கணும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது" என்றார் கெண்ட்ரா.

"பேசாமச் சொன்னா?"

"பேசாம எப்படிச் சொல்வாங்க? புரிஞ்சுதா உங்களுக்கு?"

நான் புருவத்தை உயர்த்தினேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அக்கா ஒலீபீகாவின் சமையலறையில் நேர்காணல் தொடங்கியது. அக்கா கடல்நாய்த் தோலில் காலணி தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தேநீர்க் கெட்டில். கூட்டுறவுக் கடையில் பல வருஷம் கல்லாவில் இருந்தவள் என்பதால் அவளுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும், பேசத்தான் பிடிக்காது.

"நார்வால் தோலும் கொழுப்பும், அதான் மக்தாக், சாப்பிடுவீங்களா?"

அக்கா புருவத்தை உயர்த்தினாள். ஒலிப்பதிவுக் கருவியில் கெட்டில் மட்டும் பேசியது. கெண்ட்ரா பலகையில் 'பதில் இல்லை' என்று தட்டினார்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

மூக்கு சுளிந்தது. 'பதில் இல்லை.'

"வயித்துல வலி ஏதாவது இருக்கா?"

அக்காவின் புருவம் தலைமயிரைத் தொடுகிற அளவுக்கு ஏறியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக் காட்டவும் செய்தாள். 'பதில் இல்லை.'

என்னால் பொறுக்க முடியவில்லை. "கெண்ட்ரா, ஆமாம்னு சொல்லிட்டாங்க."

"எனக்குக் கேக்கலையே."

"புருவத்தால சொன்னாங்க."

"அது உங்க விளக்கம், ஜேபூட்டி. விளக்கம் வேற, தரவு வேற. கருவியில விழாதது ஆய்வுல சேராது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னடா உளர்றா இவ?"

"நீ பதிலே சொல்லலியாம். வாயத் திறந்து சொல்லேன்."

"அப்ப இவ்வளவு நேரமா நான் யாருகிட்ட சொல்லிட்டிருந்தேன், கெட்டில்கிட்டயா? மூஞ்சியப் பாத்துக் கேக்கத் தெரியாதவளுக்கு வாய வேற திறந்து காட்டணுமா?"

ஒப்பந்தப்படி இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கெண்ட்ரா ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "இது ஆமாமும் இல்ல, இல்லையும் இல்ல. 'இதர'ல போட்டுக்கறேன்" என்றார்.

அக்காவின் வலி மட்டும் 'இதர'வில் அடங்கவில்லை. இலையுதிர் காலம் வந்தபோது அவள் இரண்டாக மடங்கி உட்கார ஆரம்பித்தாள். மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. தெற்கே எங்கோ இருக்கும் டாக்டர் திரையில் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் விமானத்தில் இடம். அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று நர்ஸ் கிளெனிஸ் என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தானும் வெளியே வந்துவிட்டாள். அவள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே திரை கறுப்பாக இருந்தது. குரல் மட்டும் வந்தது. ஆனால் திரைக்கு மேலே கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால், டாக்டர் தன்னைப் பார்க்கிறார் என்றே அக்கா நம்பினாள். வலிக்கிறதா என்று கேட்டார், புருவத்தை உயர்த்தினாள். அதிகமாக வலிக்கிறதா என்றார், இன்னும் உயர்த்தினாள். டாக்டர் எழுதியது இவ்வளவுதான்: 'நோயாளி அமைதியாக இருக்கிறார். புகார் எதுவும் இல்லை. பயணம் தேவையில்லை.' அஜீரண மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

"படம் ஏன் வரல?" என்று கிளெனிஸிடம் கேட்டேன்.

"ஊருக்கு இருக்கற ஒரே இன்டர்நெட் லைன் பூராவும் ஆராய்ச்சிக்குப் போயிடுச்சுப்பா. அவங்க என்னவோ அனுப்பிக்கிட்டே இருக்காங்க."

பள்ளிக்கூடத்தின் பின்னறையில் டோபியாஸ் கண்ணை மூடி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"டோபியாஸ், கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. டாக்டர் என் அக்காவப் பாக்கட்டும்."

"நிறுத்தினா தொடர்ச்சி அறுந்துடுமே, ஜேபூட்டி."

"அப்படி என்னதான் அனுப்பறீங்க?"

"நார்வாலோட மௌனம்." கப்பல்கள் கடந்து போகும்போது நார்வால்கள் பேச்சை நிறுத்திவிடும், அதைக் கடலுக்கடியில் மைக் போட்டுப் பதிவு செய்திருந்தார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். "எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே கேக்கலையே."

"அதேதான்!" அவர் கண் கலங்கியது. "எவ்வளவு துல்லியமா கேக்கல பாத்தீங்களா?"

"சத்தமே இல்லாததுக்கு எதுக்கு இவ்வளவு லைன்?"

"மட்டமான தரத்துல அனுப்பினா அது மௌனம் மாதிரியே இருக்காதுங்க."

கப்பல் போனால் திமிங்கிலம் வாயை மூடுகிறது என்பது எங்கள் வேட்டைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். கப்பல்காரரிடம் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் எங்களிடம் அது உயர்தரத்தில் இல்லை.

அன்று மாலை இரண்டு விஞ்ஞானிகளும் தேநீர் குடிக்கையில் அறிவியல் ஒரு பெரிய தாவல் தாவியது. "என் மக்கள் பேச மாட்டேங்கறாங்க" என்று கெண்ட்ரா அலுத்துக்கொண்டார். "என் திமிங்கிலங்களும்தான்" என்றார் டோபியாஸ். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அன்றுதான். மௌனமான திமிங்கிலத்தைத் தின்பதால் மௌனம் மனிதர்களுக்கும் பரவுகிறது என்ற உண்மை அங்கேயே பிறந்தது. பெயரும் சூட்டப்பட்டது.

ஊராட்சிக் கூட்டத்தில் மேயர் கௌனாக்கிடம் இதை விளக்கினார்கள்.

"ஆக, திமிங்கிலம் தின்னதால நாங்க ஊமையாயிட்டோம்?" என்றார் மேயர்.

"அப்படி ஒரு தொடர்பு தெரியுது."

"நான் சின்ன வயசுலேர்ந்து முயல் திங்கறேன். என் காத கொஞ்சம் அளந்து பாருங்களேன்."

மண்டபமே சிரித்தது. 'தொடர்பற்ற சிரிப்பு' என்று கெண்ட்ரா குறித்துக்கொண்டார். மக்தாக்கைக் குறைத்துக் கடையில் விற்கும் உறைந்த கோழித் துண்டுகளைச் சாப்பிடுமாறு பரிந்துரை வந்தது. உயிரோடு இருந்தபோது கோழி நிறையப் பேசும் என்பதாலோ என்னவோ. பேச்சுப் பயிற்சி தருவதற்கு ஒரு அம்மையார் விமானத்தில் வந்து இறங்கினார். அவர் இறங்கிய இருக்கை காலியாகவே திரும்பிப் போனது. எங்களுக்கு 'ஆ', 'ஓ' சொல்லிக்கொடுத்தார். நாகரிகம் கருதி நாங்களும் சொன்னோம்.

அந்த வாரம் அக்காவின் கண் மஞ்சளாக மாறியிருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. எங்கள் அம்மா போன பிறகு எனக்கிருப்பது அவள் ஒருத்திதான். இரவெல்லாம் யோசித்தேன். வலி என்று சொல்லி விமானத்தில் இடம் வாங்க முடியாது. வலிக்குப் புருவம்தான் சாட்சி. அறிவியலுக்குப் பிடித்தமான எதையாவது கொடுத்தால்தான் நடக்கும்.

காலையில் கெண்ட்ராவிடம் ஓடினேன். "அக்காவுக்கு நோய் முத்திடுச்சு. இப்பல்லாம் கெட்டில் பத்திக்கூடப் பேசறதில்ல. ஊருலயே இவ்வளவு மௌனம் யாருக்கும் இல்ல."

கெண்ட்ராவின் முகம் மலர்ந்தது. "உச்சகட்ட நோயாளியா! ஒட்டாவாவுல உடனே மூளையப் படம் எடுத்தாகணும். துணைக்கு நீங்களும் போங்க." மறுநாளே இரண்டு இருக்கைகள் கிடைத்தன.

ஒட்டாவாவில் அக்காவின் தலையைப் பல கோணங்களில் படம் பிடித்தார்கள். தலையில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. யாருடைய தலையில் என்று தெளிவாக எழுதியிருக்கலாம். அதற்குள் அந்த வழியாகப் போன ஓர் இளம் டாக்டர், அக்காவின் மஞ்சள் கண்ணைப் பார்த்து நின்றுவிட்டார். அவரிடம் பலகையும் இல்லை, கேள்வித் தொகுப்பும் இல்லை. வயிற்றில் ஓரிடத்தைத் தொட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். மூக்கு சுளிந்தது. இன்னோரிடத்தைத் தொட்டார். புருவம் ஏறியது. "ஐயோ, இங்கயா? ரொம்ப வலிக்குதும்மா உங்களுக்கு" என்றார். அக்கா அழுதுவிட்டாள். நானும்தான். பித்தப்பையில் கல், அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

அந்த டாக்டர் செய்ததில் ஆய்வுமுறை எதுவும் இல்லை என்பதையும் நான் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வசந்தத்தில் ஆய்வு முடிவுகளை வெளியிட ஊர் மண்டபத்தில் விழா வைத்தார்கள். கெண்ட்ரா படங்கள் போட்டு விளக்கினார். நடுவில் அக்கா எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் ஒலீபீகா. எனக்கு வயித்து வலின்னு என் சமையலறையில வெச்சு இவகிட்டச் சொன்னேன். அப்புறம் கறுப்பு டிவிக்குச் சொன்னேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கல. என் தம்பி இல்லாத வியாதியச் சொல்லிக் கூட்டிட்டுப் போகலேன்னா இந்நேரம் என்னைப் புதைச்சிருப்பீங்க. எங்களுக்குப் பேசச் சொல்லிக் குடுக்க ஆள் வேணாம். மருத்துவ நிலையத்து லைன விடுங்க. படம் வரட்டும். டாக்டர் எங்க மூஞ்சியப் பாக்கட்டும். கேட்டுச்சா?"

டோபியாஸ்தான் முதலில் எழுந்தார். கையிலிருந்த ஒலி அளவியை உயர்த்திக் காட்டினார். "எண்பத்தி நாலு டெசிபல்! பயிற்சி பலிச்சிடுச்சு!" விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கெண்ட்ரா அக்காவைக் கட்டிக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார். சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்காமல் முழுவதையும் சொன்னேன். "அடடா, என்ன தெளிவு, என்ன ஏற்ற இறக்கம்!" என்றார்.

அறிக்கையில் அக்கா பேசியதன் அளவு இருக்கிறது. அவள் பேசியது இல்லை. அதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனால் குணமடைந்த முதல் நோயாளியின் குரல் என்பதால் அந்தப் பதிவு விலைமதிப்பற்றது. அதை மிக உயர்ந்த தரத்தில், மண்டபத்து எதிரொலி உட்பட, தெற்கே இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று மேயர் கௌனாக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குப் போனார். திரை கறுப்பாக இருந்தது. "டாக்டர் லைன்ல இருக்கார், பதில் சொல்லுங்க" என்று இந்த மாதத்து நர்ஸ் அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். லைனை விடச் சொல்லி என் அக்கா பேசியதை அனுப்பி முடிக்கும்வரை லைனை விட முடியாதாம்.