கம்ப்யூட்டருக்குள் கம்பெனி நடத்திய பெல்ட்டு அண்ணாச்சி

செல்வி, பாண்டி, நீங்கள் கம்ப்யூட்டரில் ஃபேக்டரி கட்டி விளையாடும்போது அப்பா ஏன் திட்டுவதில்லை என்று கேட்டீர்கள். காரணம் பெல்ட்டு அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கம்பெனிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்து வேலையை நிறுத்திய ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான்.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். வீட்டில் அவருக்கு இன்னொரு கம்பெனி. திரையில் சுரங்கம் தோண்டுவார், இரும்பு உருக்குவார், ஊர் நீளத்துக்கு பெல்ட்டு ஓடவிட்டுச் சாமான் நகர்த்துவார். பெயர் வந்தது அதனால்தான். மற்றவர்கள் அந்த விளையாட்டில் மெஷினை நெருக்கி நெருக்கி வைப்பார்களாம். இவர் பட்டாசுக்காரர். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தீ தாவாதபடி கொட்டகைக்குக் கொட்டகை இடைவெளி விட்டு, நடுவில் மரத்தையும் வெட்டாமல் வைத்திருப்பார். வெளியே இடி இடித்தால் உடனே விளையாட்டை நிறுத்திவிடுவார்.

"கரண்டு போயிரும்னு பயமா அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏலே, மின்னல் வெட்டும்போது எந்தக் கம்பெனில வேலை பாப்பாக?"

இத்தனைக்கும் அவர் வீட்டுக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டருக்குள்ள ஊரு பூரா குழா போடுதாக. இங்கன ஒரு வாசர் மாத்த ஆளில்ல" என்பார் அவர் சம்சாரம்.

"எண்ணெக் கிணறு வேலை முடியட்டும்" என்பார் அண்ணாச்சி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அது தண்ட வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்தத் தீபாவளி சீசன் வரைக்கும்.

அன்று சாயங்காலம் லோடு போயாக வேண்டும். வெடி ஆபத்து இருப்பதால் பேக்கிங் அறையில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. அதில் ஒருத்தி உங்கள் அம்மா. புது மேனேஜர் வந்தார்.

"இன்னும் நாலு பேரை உள்ள விடுங்க. அப்பத்தான் வேலை ஓடும்."

அண்ணாச்சி நேரே போய் அறை வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கிற நாலு பேருமே காலிப் பெட்டி வராம கையக் கட்டி உக்காந்திருக்காக சார். இன்னும் நாலு பேர விட்டா எட்டுப் பேரு கையக் கட்டி உக்காருவாக. கேம்ல ஆறு மாசம் இந்தத் தப்பத்தான் பண்ணுனேன்."

"கேமா? வேலைய விட்டே தூக்கிருவேன்!"

"தூக்குங்க. கேம்ல வெடிச்சா, சேவ் பண்ணுன எடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். இந்த நாலு பேர நா எங்கன சேவ் பண்ணி வச்சிருக்கேன்?"

மேனேஜர் அண்ணாச்சியின் தலைக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி, பெட்டி ஏன் வரல?"

அண்ணாச்சி கையை நீட்டினார். பெட்டி ஏற்றிய வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, ஒருவன் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் வேறு யாருமில்லை, உங்கள் அப்பாதான். உள்ளேயிருந்து உங்கள் அம்மா பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தில் லோடு நேரத்துக்குப் போனது. வேலையை விட்டுத் தூக்குகிற பேச்சை மேனேஜர் எடுக்கவே இல்லை.

அந்த விளையாட்டில் போகிற நேரம் வீணா என்று கேட்டால் எனக்கு ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அவர் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உங்கள் அம்மா இருந்த அறையில் அன்று ஐந்தாவது ஆள் நுழையவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அன்று மேனேஜர் போன பிறகும் அண்ணாச்சி வாசலை விட்டு எழவில்லை. பட்டாசு அறைப் பக்கம் செருப்போடு போகக் கூடாது. அவர் கழற்றிப் போட்ட செருப்பு வெட்டவெளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அதை எடுத்து வேப்பமர நிழலில் வைத்தேன்.