ராஜியக்கா என்கிற நான்

கோபத்தில் நான் எடுத்த எந்த முடிவும் இதுவரை உருப்பட்டதில்லை. அதிலும் அந்த ஒரு முடிவு என்னைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டது.

பூதப்பாண்டியில் வேதியியல் ஆசிரியர் நான். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து பிளஸ் டூவுக்கு ஒரு கையேடு எழுதினேன். கடைக்கு வந்த இரண்டாம் மாதமே யாரோ அதை முழுதாகப் படமெடுத்து ஒரு கைப்பேசிக் குழுவில் போட்டுவிட்டார்கள். (ஆசிரியர் புகைப்படம் இருந்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அது தனி வலி.)

திருடனைப் பிடிக்க, 'ராஜி, பிளஸ் டூ மாணவி' என்ற பெயரில் குழுவுக்குள் நுழைந்தேன். (வயது நாற்பத்தேழு. மீசை உண்டு.)

முதல் நாளே ஷைனி என்றொரு கடற்கரைக் கிராமத்துப் பெண் எழுதியிருந்தாள்: "மக்கா, எழுபதாம் பக்கம் மங்கலா கெடக்கு. எங்க கடப்புறத்துக் கடைக்கு இந்தப் புக்கு வரவே இல்ல. இதையும் படிக்கல்லன்னா நான் ஃபெயிலுதான்."

என் எழுத்தை ஒரு பிள்ளை மங்கலாகப் படிப்பதா? நானே அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்துப் போட்டேன். அடுத்த நாள் ஒரு கணக்கை விளக்கினேன். இரண்டே வாரத்தில் குழு முழுக்க "ராஜியக்கா, ராஜியக்கா" என்று ஒரே கூப்பாடு. குழுவைத் தொடங்கியவன் பதிப்பாளர் வழக்குப் போடுவாரென்று பயந்து வெளியேறும்போது பொறுப்பை ராஜியக்காவிடமே ஒப்படைத்துவிட்டான். நான் கவனிக்கவில்லை, அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன்.

பதிப்பாளர் நச்சரித்ததால் ஒருவழியாகப் புகார் கொடுக்கப் போனேன். எஸ்.ஐ. தன் கைப்பேசியிலேயே குழுவுக்குள் நுழைந்து துழாவிவிட்டு உற்சாகமாகச் சொன்னார்: "அட்மின் நம்பர் கெடைச்சாச்சு சார். சொல்லுகேன், புகார்ல எழுதிக்கிடுங்க."

எழுதினேன். ஏழாவது எண்ணில் பேனா நின்றது.

"என்ன சார்?"

"இது... என் நம்பர்."

அவர் என்னையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ உம்ம மேல நீரே கேஸ் குடுக்கேரா?"

வீட்டுக்கு வந்து குழுவில் உண்மையைச் சொன்னேன். பக்கங்களை அழித்தேன். புத்தகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நானே பிரதி அனுப்பினேன். சந்தேகம் தீர்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ரிசல்ட் வந்த அன்று காலை ஷைனி மிட்டாயோடு வாசலில் நின்றாள்.

"ராஜியக்கா வீடு இதுதானே?"

என் மனைவி சற்றும் யோசிக்கவில்லை.

"இதுதான் மக்ளே. அக்கா உள்ள ஷேவ் பண்ணிட்டு இருக்கா, இப்ப வருவா."

அன்று மாலைக்குள் அவள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போன வாரம் வந்த கல்யாணப் பத்திரிகையில்கூட உறையின்மேல் எழுதியிருந்தது: 'ராஜியக்கா, குடும்பத்துடன்.'