பின்னம் சார் தம் கால் பெருவிரலைத் தொட்ட படலம்

வாழ்க எங்கள் கோமான்! சாக்பீஸ் தூள் படிந்த சட்டையே கவசமாக, மர அளவுகோலே உடைவாளாக, தொகுதியை ஒரு தோளிலும் பகுதியை மறு தோளிலும் சுமந்து, ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்னும் சலசலப்பு மிகுந்த நன்னாட்டை ஆண்டுவந்த பின்னம் சார் நீடூழி வாழ்க! அரையைக் கண்டால் காலாக்குவோன், காலைக் கண்டால் அரைக்காலாக்குவோன், ஒரு முழு ரொட்டியை முழு ரொட்டியாகவே பார்க்கும் பாவத்தைப் பிறந்தது முதல் செய்தறியாதோன், ‘இன்னும் கொஞ்சம் போடவா?’ என்று கேட்ட மனைவியிடம் ‘கொஞ்சம் என்றால் எத்தனையில் எத்தனை?’ என்று திருப்பிக் கேட்டுப் பட்டினி கிடந்த பெருந்தகை! அத்தகைய கணக்குக் கோமான், தம் கால் பெருவிரலைத் தம் கையாலேயே தொடுவதற்கு நிகழ்த்திய மாபெரும் போரைச் சொல்லப் புகுந்தோம். நாவே, தடுமாறாதே. மூச்சே, இடையில் நின்றுவிடாதே. நாயகருக்கே மூச்சு வாங்கும் கதை இது.

போருக்கு ஒரு பகைவன் வேண்டும் அல்லவா? பின்னம் சாரின் பகைவனுக்கு உருவமில்லை. மதிய உணவு மணி அடித்து, டிபன் டப்பாக்கள் மூடப்பட்டு, கைகள் கழுவப்பட்டு, ஐந்தாம் ‘பி’ பெஞ்சுகளில் வந்து அமர்ந்த மறுகணமே, சன்னல் வழியாக வெயிலோடு வெயிலாக நுழைவான் அவன். கண்ணிமைகளைக் கோட்டைக் கதவுகளைப்போல் ஒவ்வொன்றாகச் சாத்துவான். அவன் பெயர் தூக்கம். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டென்றால், ஒன்பது வயதுக் குழந்தைக்கு இல்லாமல் போகுமா? கரும்பலகையில் சார் ‘மூன்றில் இரண்டு’ என்று எழுதித் திரும்பும்போது மூன்றில் இரண்டு பங்கு வகுப்பு சாய்ந்திருக்கும். முதல் பெஞ்சிலே வீற்றிருந்த, ‘கொட்டாவி’ என்று ஊரறிந்த சிறுவனோ, கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் அரிய வரம் பெற்றவன்.

எங்கள் கோமான் சும்மா இருந்தாரா? அளவுகோலால் மேசையை முழக்கினார்; குரலை உயர்த்தினார்; எதுவும் பலிக்காதபோது, ‘இன்னும் நேரம் வேண்டும்’ என்று முடிவு கட்டினார். அக்காலத்து மன்னர் வெட்சி சூடிப் பகைவரின் ஆநிரை கவர்ந்ததைப்போல, அவர் ஆசிரியர் அறைக்குள் புகுந்து, விளையாட்டு டீச்சரின் வகுப்புகளைக் கவர்ந்து வந்தார். அதற்கு அவர் ஏந்திய படைக்கலம் ஒரே ஒரு வாக்கியம்: “போர்ஷன் முடியல டீச்சர், இந்த ஒரு பீரியட் மட்டும்.” ‘இந்த ஒரு பீரியட்’ வாரந்தோறும் வந்தது. கழுத்தில் ஊதுகுழல் தொங்கியதால் விசில் டீச்சர் என்று பெயர் பெற்ற அந்த வீராங்கனை, அலமாரிக்குள் காற்றிறங்கிக் கிடந்த பந்துகளைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பந்துகளுக்குத்தான் அந்தக் காற்று பயன்படவில்லை.

இப்படி இரட்டிப்பு நேரம் உழுதும் விளைந்தது என்ன? தேர்வில் பாதி வகுப்பு கவிழ்ந்தது. தலைமை ஆசிரியை இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

“சார், உங்க பீரியடும் உங்ககிட்ட, அவங்க பீரியடும் உங்ககிட்ட. அப்புறமும் பாதி கிளாஸ் பெயில்னா என்ன அர்த்தம்?”

“இரண்டில் ஒரு பங்கு, மேடம்” என்றார் சார், பழக்கதோஷத்தில்.

“தூங்குற பிள்ளைங்களுக்கு என்ன சொன்னாலும் மண்டையில ஏறுமா?” என்றார் விசில் டீச்சர். “கணக்குக்கு முன்னாடி பத்து நிமிஷம் குதிக்க விடுங்க. உடம்புல ரத்தம் ஓடினாத்தானே மூளை முழிக்கும்!”

அப்போது எழுந்தார் எங்கள் கோமான். காற்றாடியின் கிறீச்சொலி ஒடுங்க, சுவர்க் கடிகாரம் தன் முள்ளை ஒரு நொடி மறக்க, அவர் முழங்கிய பிரகடனம் இது:

“குதிப்பதால் கணக்கு வருமாயின், மேடம், இன்று உலகத்துக் குரங்குகள் அனைத்தும் கணிதப் பேராசிரியர்களாக இருந்திருக்கும்!”

தலைமை ஆசிரியை மேசையிலிருந்த பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பொருள். அடுத்த தேர்வு வரை தினமும் பத்து நிமிடம் உடற்பயிற்சி. மதிப்பெண் ஏறாவிட்டால் விளையாட்டு வகுப்புகள் சாருக்கே நிரந்தரச் சொந்தம். ஏறினால் ஒன்று விடாமல் திருப்பித் தர வேண்டும். அந்த நேரத்தில் விசில் டீச்சருக்கு வேறு வகுப்பு இருந்தபடியால், பயிற்சியை நடத்த வேண்டியவர் பின்னம் சார்தான்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாயிற்று.

அன்று மாலை, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, விசில் டீச்சர் சொல்லித் தந்த பயிற்சிகளை எங்கள் கோமான் தனியே ஒத்திகை பார்த்தார். நின்ற இடத்தில் ஓடுவது, கையை வீசுவது, குதிப்பது எல்லாம் ஒருவாறு முடிந்தன. கடைசிப் பயிற்சி, முழங்கால் மடங்காமல் குனிந்து கால் பெருவிரலைத் தொடுவது. குனிந்தார். இடையிலே, பல்லாண்டு அமைதிக்காலத்தில் செழித்தோங்கிய தொந்தி என்னும் மாமலை குறுக்கிட்டது. மலைக்கு அப்பால் பெருவிரல் என்றொரு தேசம் இருப்பதாகக் கேள்விதான்.

“என்னங்க தேடுறீங்க? கட்டிலுக்கு அடியில எதாவது விழுந்துடுச்சா?” என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் மனைவி, கதவிடுக்கில் கண்ணை வைத்து.

“ஒண்ணுமில்ல. இங்கதான் இருக்கு. எட்டல.”

மறுநாள் மதியம், பள்ளி முற்றத்தில் படை அணிவகுத்தது. சார் “ஒன்று!” என்றார், வகுப்பு ஓடியது. “இரண்டு!” என்றார், வகுப்பு குதித்தது. புழுதி எழுந்து வெயிலை மறைத்தது. கொட்டாவியின் தலைமுடி நெற்றியில் ஒட்டியது. “மூன்று!” என்றதும் வகுப்பு முழுவதும் காற்றில் சாய்ந்த நாற்று வயலாகக் குனிந்து பெருவிரலைத் தொட்டது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவரின் விரல் நுனிகள் முழங்காலைத் தாண்டி ஒரு சாண்கூட இறங்காமல், பாலைவனத்தின் நடுவே ஒட்டகம் இழந்த வணிகர்களாய்த் தவித்தன.

“சார், நீங்க இன்னும் தொடல” என்றாள் வால்முளைத்தவள் என்று ஆசிரியர் அறையில் அழைக்கப்பட்ட சிறுமி.

“தொடுவேன்!” என்று கர்ஜித்தார் கோமான், குனிந்த நிலையிலேயே. “இக்கைவிரல் அக்கால்விரலைத் தீண்டும் நாள் வரை, இவ்வகுப்பில் ஒருவரும் ஓயப்போவதில்லை!”

வகுப்பு ஆரவாரித்தது. ஒரு பெரியவர் தோற்பதைத் தினமும் பார்க்கலாம் என்ற மகிழ்ச்சியைவிடப் பெரிய மகிழ்ச்சி குழந்தைகளுக்கு ஏது?

பிறகு உள்ளே போனார்கள். தண்ணீர் குடித்தார்கள். சார் கரும்பலகையில் எழுதி, வழக்கம்போலச் சரிந்து கிடக்கும் தலைகளை எதிர்பார்த்துத் திரும்பினார். திரும்பியவர் திடுக்கிட்டார். அத்தனை கண்களும் திறந்திருந்தன. சிவந்த கன்னங்களோடு, இன்னும் மேல்மூச்சு அடங்காமல், அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கொட்டாவி கை தூக்கினான்.

“சார், கீழ இருக்கிற நம்பர் பெருசானா, துண்டு ஏன் சார் சின்னதாகுது?”

இத்தனை ஆண்டுகளாகச் சார் அந்தக் கேள்விக்கு விடையை வைத்துக்கொண்டு காத்திருந்தார், கேட்கத்தான் ஆளில்லை. சாக்பீஸ் கைநழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிய முடியாததால், வேறொன்றை எடுத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினார். மணி அடித்தும் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் வால்முளைத்தவள் சாரின் அளவுகோலையே கேட்டு வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சார் குனிந்ததும், முழங்காலிலிருந்து தரை வரையிலான தூரத்தில் அவர் விரல் எங்கே நிற்கிறது என்று அளந்தாள். “மூணுல ஒண்ணு!” என்று அறிவித்தாள். அன்று முதல் ஐந்தாம் ‘பி’க்கு உலகில் வேறு செய்தியே இல்லாமல் போயிற்று. “இன்னிக்கு சார் எங்க?” “அரைக்குக் கொஞ்சம் கீழ!” “அஞ்சுல மூணா? எட்டுல அஞ்சா?” “ரெண்டுல எதுடா பெருசு?” இக்கேள்வியால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிளந்து, சண்டையிட்டு, பகுதிகளைச் சமப்படுத்தி, எட்டில் ஐந்தே பெரிது என்று தானாகவே கண்டுபிடித்து, சமாதானமாயிற்று. சார் அதுவரை குனிந்தே இருந்தார். யாரும் நிமிரச் சொல்லவில்லை.

நடுவில் ஒருநாள் மழை கொட்டியது. முற்றம் குளமாயிற்று; பயிற்சி இல்லை. ஒருநாள்தானே என்று பாடத்தைத் தொடங்கினார் சார். பழைய பகைவன் ஈரக் காற்றோடு சன்னல் வழியே திரும்பி வந்தான். முதலில் கடைசி பெஞ்சு சாய்ந்தது, பின் நடு பெஞ்சு, இறுதியில் கொட்டாவியின் வாய் குகையாகத் திறந்தது. எங்கள் கோமான் பொறுத்தார், பொறுத்தார், பிறகு பொறுக்க மாட்டாமல் அளவுகோலை உயர்த்தி,

“எழுந்திருங்க எல்லாரும்! பெஞ்சுக்கு நடுவுல நின்னு குதிங்க!” என்று ஆணையிட்டார்.

குதித்தார்கள். மாடி அதிர்ந்தது. கீழ் வகுப்பில் சுண்ணாம்புத் தூள் பூமாரியாய்ப் பொழிந்தது. என்ன பிரளயமோ என்று ஓடிவந்த விசில் டீச்சர் வாசலில் நின்று கண்ட காட்சி யாது? உலகத்துக் குரங்குகளைப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கிய அதே மாமனிதர், எல்லாருக்கும் நடுவே, எல்லாரையும்விட உயரமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

“முழிச்சிட்டாங்க டீச்சர்!” என்று கத்தினார் அவர், குதிப்பை நிறுத்தாமல். “பாருங்க, எல்லாரும் முழிச்சிட்டாங்க!”

தேர்வு வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர வகுப்பே கரையேறியது; கொட்டாவி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, அது தன்னுடையதுதானா என்று பெயரை இருமுறை சரிபார்த்தான். ஓடியதால் வந்த வெற்றி என்றார் விசில் டீச்சர். தம் பெருவிரலால் வந்த வெற்றி என்றார் சார். தலைமை ஆசிரியை இரண்டையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடினார். சார் ஆசிரியர் அறைக்குப் போய், கவர்ந்த வகுப்புகளைத் தாமே திருப்பிக் கொடுத்தார்.

“போர்ஷன் முடிஞ்சிடுச்சா சார்?”

“இல்ல டீச்சர். ஆனா இப்ப ஓடுது.”

எஞ்சியது ஒன்றே: பெருவிரல். எட்டில் ஏழு பங்கு வெல்லப்பட்டு, கடைசி எட்டில் ஒரு பங்கு மட்டும் பணியாமல் நின்ற அந்தப் பொன்னாளில், பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த விசில் டீச்சர் அதை அப்படியே போட்டுவிட்டு வர, தலைமை ஆசிரியை சன்னலைத் திறக்க, ஐந்தாம் ‘பி’ மூச்சடக்கி வட்டமிட்டு நிற்க, வால்முளைத்தவள் அளவுகோலோடு மண்டியிட, எங்கள் கோமான் மூச்சை உள்ளிழுத்து, தொந்தி மாமலையைப் பள்ளத்தாக்காய் ஒடுக்கி, காதளவு சிவந்து, கழுத்து நரம்பு வில்நாணாய்ப் புடைக்க, முழங்காலைக் கடந்து, அரையைக் கடந்து, முக்காலைக் கடந்து, எட்டில் ஏழைக் கடந்து, எந்தப் பின்னமும் எட்டாத அந்தக் கடைசி மயிரிழையில் ஒரு கணம் நடுங்கி நின்று, பின் ‘ஹும்!’ என்று ஓர் இடி முழங்கத் தாழ்ந்து, தொட்டார்! தொட்டார்! வாகை சூடினார்! “ஒண்ணு! முழுசா ஒண்ணு!” என்று வால்முளைத்தவள் வானதிர அறிவிக்க, கொட்டாவி ஆனந்தக் கண்ணீர் வடிக்க, விசில் டீச்சரின் ஊதுகுழல் வெற்றிச் சங்கென முழங்க, எட்டுத் திக்கும் எங்கள் கோமானின் புகழ் எதிரொலித்தது.

இடுப்பு பிடித்துக்கொண்டதால், அன்றைய கணக்குப் பாடத்தைச் சார் குனிந்தபடியே நடத்தினார்.