பட்டம்மாள் நகரில் படம் நின்று நின்று ஓடுகிறது

மன்னார்குடி அத்தைக்கு, கொல்கத்தாவிலிருந்து ரஞ்சனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் சௌக்கியம். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா சௌக்கியம், அவருடைய கோபமும் சௌக்கியம். எண்ணெய் மாற்றிய பிறகு உங்கள் முழங்கால் மடங்குகிறதா என்று எழுதவும்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "கம்ப்யூட்டருக்கு நான் தச்சு அனுப்புன உறைய போட்டு வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். "போட்டுதான் இருக்கு அத்தை" என்றேன். அது உண்மை. அந்த உறையால்தான் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லவில்லை. அடுத்து, "ரிஷி ஆபீஸ்லேந்து வந்துட்டானா?" என்று கேட்டீர்கள். "வீட்லதான் இருக்காரு அத்தை" என்றேன். அதுவும் உண்மை. ஜூன் மாதத்திலிருந்தே வீட்டில்தான் இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

அவருடைய கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். இவர் இருந்த குழுவை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இவர் மேல் ஒரு குறையும் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தால் பிறகு ஏன் அனுப்பினார்கள் என்றுதான் தோன்றும். "வேற வேலை கெடச்சப்பறம் அம்மாகிட்ட சொல்லிக்கலாம், இப்ப சொன்னா அவங்க தூங்க மாட்டாங்க" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், நீங்கள் துர்கா பூஜைக்கு இங்கே வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் போட்டிருக்கும் திட்டம். நீங்கள் இருக்கும் நாளெல்லாம் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஆபீஸ் பையோடு கிளம்பி, பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டி, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் எங்கள் நண்பர் பிரிட்டோ வீட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாராம். பிரிட்டோ தூத்துக்குடிக்காரர். "வாலே, தாராளமா வா. நான் டூட்டில இருப்பேன், சாவிய பக்கத்து வீட்டுல வாங்கிக்க. ஃபேன் மட்டும் ஓடாது, பாத்துக்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார். இந்த ஊர்ப் புழுக்கத்தில், ஃபேன் ஓடாத வீட்டில், இஸ்திரி போட்ட சட்டையோடு. இதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அத்தை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் ஒரு மூலையில் பேசினால் மறு மூலையில் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவள் தேவிப்ரியா. அவள் உங்களுக்கு முன்னால் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவாள். தபாலை நீங்களே படித்துக்கொள்வீர்கள். அதனால் தபால்.

பகலெல்லாம் என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். காலையில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். மீதிப் பகலில் ஊர் கட்டுகிறார். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு அது. வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள். ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, விளக்குப் போட்டால் ஜனங்கள் குடிவருவார்கள். ஒவ்வொருவருக்கும் பேர் உண்டு, வீடு உண்டு, வேலை உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊருக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார். பட்டம்மாள் நகர். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, நான் வேலைக்குக் கிளம்பி ஜாதவ்பூர் நூலகத்துக்குப் போகும் அவசரத்தில், "பட்டம்மாளுக்கு சாக்கடை அடச்சுகிச்சு" என்றும், "பட்டம்மாள்ல ஒரே பொக" என்றும் கேட்க நேர்கிறபோது உங்கள் முகம் நினைவுக்கு வந்து சங்கடமாக இருக்கிறது. பிரிட்டோ போன் செய்தால் முதல் கேள்வி, "பட்டம்மாள் எப்படிலே இருக்கு?" இவர் பதில், "நகர மாட்டேங்குதுடா."

நகராததுதான் பிரச்சினை. விநாடிக்கு முப்பது, அறுபது படம் மாறினால்தான் மனிதர்கள் நடப்பது போலவும் வண்டி ஓடுவது போலவும் தெரியுமாம். பட்டம்மாள் நகரில் எட்டுப் படம் மாறுகிறது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற வேகம். ஒரு ஆம்புலன்ஸ் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் இங்கே ரசம் நுரைத்துவிடும். இவ்வளவுக்கும் ஊரில் ஜனத்தொகை அப்படி ஒன்றும் அதிகமில்லை. என்ன, யாருக்கும் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது என்பது இவர் சட்டம். வேலை இல்லாதவர் தலைக்கு மேல் ஒரு சின்னக் குறி வரும். வந்தவுடன் இவருக்கு இருப்புக்கொள்ளாது, ஒரு மில்லோ ஆஸ்பத்திரியோ கட்டிவிடுவார். அதனால் காலையில் ஊரே ஒட்டுமொத்தமாக வேலைக்குக் கிளம்புகிறது. ஆற்றுக்கு ஒரே ஒரு பாலம். "இன்னொண்ணு கட்டக் கூடாதா?" என்றேன். "ஹவுராவ பாத்தல்ல? கூட்டம் இருந்தாதான் பாலம்" என்றார். கூட வேலை போனவர்களின் பெயர்களையெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு வைத்திருக்கிறார். மஹிமாவுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை, ஹரீஷுக்குக் குடிநீர் வாரியம். எல்லோரையும் அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மேனேஜர் சுந்தரத்தைக் குப்பை வண்டி ஓட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராகப் போட்டிருக்கிறார். "அவரு என்ன பண்ணுவாரு பாவம், மேலேந்து சொன்னாங்க" என்றார். ரிஷி என்ற பெயரில் அந்த ஊரில் யாரும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

எட்டை அறுபதாக்குவதற்கு நடந்தவற்றைச் சுருக்கமாக எழுத நினைக்கிறேன், ஆனால் அவை சுருக்கமாக நடக்கவில்லை. முதலில் மெமரி போதாது என்றார், கூடுதலாகப் போட்டார், எட்டு எட்டாகவே இருந்தது. அப்புறம் படம் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு கார்டு உண்டு, அது நம்மிடம் இல்லை, அதுதான் கோளாறு என்று இந்த ஊர்ச் சாந்தினி சௌக்கில் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் என்னையும் அழைத்துப் போனார். கார்டு என்றால் ஏதோ ரேஷன் கார்டு அளவுக்கு இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு செங்கல்லைவிடப் பெரிது, மூன்று விசிறி வேறு. பழைய பெட்டிக்குள் அது நுழையவில்லை, அதனால் புதுப் பெட்டி, அந்தக் கார்டு நிறையக் கரண்ட் குடிக்கும், அதனால் புதுப் பவர் சப்ளை, பெட்டிக்குள் வெக்கை சேரும், அதனால் இன்னும் நான்கு விசிறி, அந்த விசிறிகளில் கலர் கலராக விளக்கு எரியும், அதை அணைக்க முடியுமா என்று நான் கேட்டபோது இஸ்மாயில் பாய் மனம் நொந்துபோய், "அணைக்கிறதா மேடம்? ஜனங்க இதுக்காகத்தான் வாங்குறாங்க" என்றார். கடையிலேயே எல்லாவற்றையும் மாட்டி, அவருடைய திரையில் பட்டம்மாள் நகரை ஓட்டிக் காட்டினார். பறந்தது அத்தை. பஸ் பஸ்ஸாக ஓடியது, மனிதர்கள் மனிதர்களாக நடந்தார்கள். இவர் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநாள் கழித்து அன்று டாக்சியில் வரும்போது பாட்டு முணுமுணுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, சாந்தினி சௌக் தூசு ஏறக் கூடாது என்று உங்கள் உறையை எடுத்து மாட்டினார். புதுப் பெட்டி பெரிது என்பதால் தையலைப் பிரித்து அகலப்படுத்தினேன். அதில் நீங்கள் பின்னியிருந்த ஒரு கிளியின் வால் போய்விட்டது, மன்னிக்கவும். பின்பக்கம் வயர் போக நீங்கள் விட்டிருந்த திறப்பில் கையை விட்டு, தடவித் தடவியே எல்லா வயரையும் சொருகினார். "கழட்டிட்டு மாட்டக் கூடாதா?" என்றேன். "எத்தன வருஷமா மாட்டுறேன், கண்ண மூடிகிட்டு மாட்டுவேன்" என்றார். ஸ்விட்ச் போட்டோம். ஒன்பது.

எட்டு ஒன்பதாகியிருந்தது. கடையில் பறந்தது வீட்டில் படுத்துக்கொண்டால் வீட்டில்தானே கோளாறு என்று யோசித்து, கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம், "மாஷிமா, உங்க வீட்ல வோல்டேஜ் கம்மி" என்று சொல்லிவிட்டார். அவர், "என் புருஷன் போட்ட வயரிங். இத்தனை வருஷத்தில் என் வோல்டேஜை ஒருத்தர் குறை சொன்னதில்லை" என்று வங்காளத்தில் ஆரம்பித்து, எந்தெந்த வாடகைக்காரர் எதையெதைக் குறை சொல்லாமல் இருந்தார் என்பது வரை சொன்னார். ஸ்டெபிலைசர் வாங்கினோம். அதைப் போட்ட அன்று மாடிக்கு மட்டும் ஃபியூஸ் போயிற்று. கரண்ட் வந்ததும் உறைக்குள்ளிருந்து சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் ஜன்னல் வழியே தெருவில் விழ, கோபத்தை மறந்து மேலே ஏறி வந்த மாஷிமா, உங்கள் கிளிகளின் வயிற்றுக்குள் விளக்கு மாறி மாறி எரிவதைப் பார்த்துவிட்டு, என்னை வழக்கம்போல் மருமகளே என்றழைத்து, "பௌமா, இந்த வருஷம் உங்க வீட்டிலேயே பூஜைப் பந்தலா? என்ன தீம்?" என்று கேட்டார். இவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்று அவர் பால் வாங்கப் போயிருந்தபோது உறைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. சூடானால் கம்ப்யூட்டர் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேன். "ஓடும்போதாவது உறைய எடுத்துடலாமே" என்று அவர் திரும்பி வந்ததும் மெல்லச் சொன்னேன். "ஓடும்போதுதான் தூசிய இழுக்கும். அம்மா சரியாத்தான் சொன்னாங்க" என்றார்.

நான் நிறையப் படித்தவள் என்று நீங்கள் அங்கே எல்லோரிடமும் சொல்வீர்கள். வேலை போனவர்களைப் பற்றிக் கதைகள் படித்திருக்கிறேன். பகல் மூன்று மணிக்கு, வாயிற்கதவை யாரோ தட்டினால் அவர்கள் திறப்பார்களா, அல்லது வீட்டில் ஆள் இல்லாதது போல இருந்துவிடுவார்களா என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. இவர் திறப்பதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. போனில், "அந்த உறைய தொவச்சு காயப்போடச் சொல்லு, கொஞ்ச நாள் காத்தாடட்டும்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கழற்றுவார். இன்னொன்று, வந்த பிறகு உங்களுக்கு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மட்டும், "இன்னைக்கு லீவு போடேன்டா" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள்.

தேவிப்ரியாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு. உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், மிச்சமிருந்தால் உங்கள் பெயர் கொண்ட ஊருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
ரஞ்சனா

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றில் பாதி இப்போது தப்பாகிவிட்டது. கடிதத்தைத் தபால் உறைக்குள் போட்டு ஒட்டி முகவரி எழுதியபின், அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி இவ்வளவு எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிரித்து அவரிடமே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். முதலில் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சுடுதா? எங்க சுடுது?" என்றுதான் கேட்டார். என்னைத் தப்பென்று காட்டுவதற்காக உறையைத் தூக்கி, பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். மேலே சுட்டது. புதுக் கார்டு சில்லென்று இருந்தது. அதன் மூன்று விசிறியில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். திரையின் வயரைக் கார்டில் சொருக வேண்டும். இவர் தடவிப் பார்த்து, பழக்கத்தில், எத்தனையோ வருஷமாகச் சொருகி வந்த பழைய இடத்திலேயே சொருகியிருக்கிறார். கார்டு பாட்டுக்கு உள்ளே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரோடு வந்த பழைய சில்லு ஒண்டியாக ஊரையே இழுத்திருக்கிறது. ஆக, சூட்டுக்கு உங்கள் உறை ஒரு காரணமாக இருக்கலாம், எட்டுக்கு அது காரணமில்லை. மாஷிமாவின் வோல்டேஜும் காரணமில்லை. இவர் கீழே போய் மாஷிமாவிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

வயரை மாற்றிச் சொருகினார். அறுபது. பாலத்தின் மேல் ஊரே ஓடியது. அவர் அதைப் பார்க்காமல் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடி மாசத்துலேந்து சும்மாவே உக்காந்திருக்கு ரஞ்சனா. நல்ல கார்டு. யாரும் வேல குடுக்கல" என்றவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே உட்கார்ந்தபடிதான் உங்களுக்குப் போன் போட்டார்.

வேலை போனதை அவர் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு நீங்கள், "அப்ப பகல்ல வீட்லதான் இருக்கியா?" என்றீர்கள். "ஆமாம்மா." "சமயக்கட்டு ஜன்னல்ல கொசுவல கிழிஞ்சு தொங்குதுன்னு ரஞ்சனா எப்பவோ சொல்லுச்சே, மாத்துனியா?" "இல்லம்மா." "மாத்து. நான் தேவிகிட்ட சொல்லி டிக்கெட்ட முன்னாடியே வர்ற மாதிரி மாத்திக்கிறேன்" என்று வைத்துவிட்டீர்கள். இது வரை உங்களுக்குத் தெரியும். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன்.

அதன் பிறகு அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை அளக்க டேப் கேட்டார். வியாழக்கிழமை புது வலை அடித்துவிட்டார்.