பத்துப் பேர் வந்தால்தான் படம்

"ஏழு பேருதாண்ணே இருக்காங்க. பத்துப் பேர் வந்தாத்தான் படம் போடுவோம். இல்லாட்டி காசைத் திருப்பி வாங்கிக்கங்க" என்றான் டிக்கெட் கிழிக்கிற சித்தீக்.

பரணிதரனுக்கு வாயெல்லாம் பல். "ஏழு பேருதானா? நல்லா எண்ணிப் பாத்தியா?"

"உங்களையும் சேத்துத்தாண்ணே ஏழு."

செந்தில்குமார் நடித்த படத்துக்கு, அதுவும் அவன் சொந்த ஊரான ஒரத்தநாட்டில், ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு ஏழு பேர்! அந்த ஆனந்தத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் படம் எவ்வளவு மோசம் என்று கண்ணால் பார்த்தால்தானே மேகலாவிடம் போய்ச் சொல்ல முடியும்? குறைந்த மூன்று டிக்கெட்டையும் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போனான் பரணிதரன்.

பரணிதரனுக்குத் தொழில் உரக்கடை. கோயில் திருவிழா வந்தால் மெல்லிசைக் குழுவில் பாட்டு. செந்தில்குமார் அதே குழுவில் இவனுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவன். டிவி பாட்டுப் போட்டிக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். பரணிதரன் பல்லவியைத் தாண்டுவதற்குள் "தேங்க் யூ" சொல்லி அனுப்பிவிட்டார்கள். செந்தில் இறுதிச்சுற்று வரைக்கும் போய்விட்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். கட்டின பெண்டாட்டியே டிவி முன்னால் உட்கார்ந்து, இவன் போனையே வாங்கி, வாராவாரம் செந்திலுக்கு ஓட்டுப் போட்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பாட்டுன்னா இது பாட்டு" என்பாள் மேகலா. சொல்லிவிட்டு இவன் பக்கம் திரும்பவும் மாட்டாள். திரும்பித் தொலைத்தாலாவது சண்டை போடலாம். கல்யாணமான நாளிலிருந்து அவன் பாட்டைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

அந்த இறுதிச்சுற்றில் பாடிய ஏழு பேரையும் வைத்து 'ஏழு மைக்' என்று ஒரு பாட்டுப் படம் எடுத்தார்கள். படம் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். திட்டாதவர்கள் படம் பார்க்காதவர்கள்.

பரணிதரன் எதிர்பார்த்ததைவிடப் படம் அருமையாக மோசமாயிருந்தது. வசனம் பேச வேண்டிய இடத்தில் ஏழு பேரும் மைக்கைத் தேடுகிற மாதிரி கையைத் தூக்கினார்கள். கடைசியில் செந்திலைக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாமா? மழையில் உட்கார்ந்து பல்லவி பாடி, இரண்டு சரணம் பாடி, சுரமெல்லாம் போட்டு முடித்துவிட்டுத்தான் செத்தான். பரணிதரன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி, "பாருங்க, பாருங்க, இன்னும் சாகல" என்று காட்டினான். இவ்வளவு திருப்தியாக அவன் ஒரு படம் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது.

வீட்டில் மேகலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ ஓட்டுப் போட்டியே, அந்தப் பெரிய பாடகரு படத்தப் பாத்துட்டு வந்தேன். கண்றாவி! நீ அவசியம் பாக்கணும்."

"நான் எதுக்கு? நீங்கதான் பாத்துட்டீங்களே."

"நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்குப் போவமா?"

"இந்த வெயில்லயா? வேற வேலை இல்லியா உங்களுக்கு?" என்று கீரைத் தண்டை மடக்கென்று ஒடித்தாள்.

படம் வந்ததிலிருந்தே அவள் செந்தில் பேச்சை எடுப்பதில்லை. பரணிதரனுக்கு அது இன்னும் எரிந்தது. முன்பாவது வாய்விட்டுப் புகழ்ந்தாள். இப்போது மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டாள். இவன் எடுத்துச் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பாள். அவளையே கொண்டுபோய் அந்தப் படத்தின் முன்னால் உட்கார வைத்தால் தானாகத் தெளிவாள். தெளிந்துவிட்டு, "உங்க பாட்டே பரவால்லங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்கு வேறொன்றும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான். தலைவலி என்றாள். புதன்கிழமை கூப்பிட்டான். மாவரைக்க வேண்டும் என்றாள். வியாழக்கிழமை சித்தீக் போன் செய்தான்.

"அண்ணே, நாளைக்குப் படத்தத் தூக்கறோம். நீங்க மட்டும்தான் ஆசையா விசாரிச்சீங்க, அதான் சொன்னேன்."

"தூக்கக்கூடாது!" என்று கத்தினான் பரணிதரன். செந்திலைப் பெற்ற தாய்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டாள். "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்."

"கூட்டம் வந்தா முதலாளி ஓட்டுவாரு. நீங்க கொண்டாருவீங்களா?"

மேட்டூரில் தண்ணீர் திறக்க இன்னும் நாள் கிடந்தது. ஆறு, வாய்க்கால் எல்லாம் மணலாகக் கிடக்க, நடவு ஆட்களுக்கு வேலையில்லை. நடவுக்கு ஆள் கூட்டிவருகிற வேம்புவைத் தேடிப் போனான் பரணிதரன்.

"சினிமாவுக்கா? என்னா தம்பி திடீர்னு?" என்றாள் வேம்பு. "ஏசி இருக்குமா?"

"குளுகுளுன்னு இருக்கும். டிக்கெட்டு என் செலவு. வந்து உக்காந்தாப் போதும். படத்தப் பாக்கணும்னு அவசியம் இல்ல."

மறுநாள் இரண்டு லோடு ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தூங்கத்தான் வந்தார்கள். ஆனால் ஏழு மைக் சத்தத்தில் யாரால் தூங்க முடியும்? வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார்கள். குத்துப்பட்டவன் பாட ஆரம்பித்ததும் முதல் வரிசையில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. அது வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.

"அழாதீங்க! அது சிரிக்கிற இடம்!" என்று இருட்டில் அலைந்தான் பரணிதரன்.

"சும்மா இருங்க தம்பி" என்று அதட்டினாள் வேம்பு. "எங்க வீட்டு மனுசன் ஒரு வார்த்தை பேசாமப் போய்ச் சேந்துட்டாரு. இந்தப் புள்ள போறப்ப எவ்ளோ சொல்லிட்டுப் போவுது!"

மறுநாள் அவன் யாரையும் அழைக்கவில்லை. அவர்களே அக்கா தங்கை, நாத்தனார், சம்பந்தி என்று திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த நாள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிராக்டர் வந்தது. எல்லா ஊரிலும் படுத்துவிட்ட படம் ஒரத்தநாட்டில் எழுந்து உட்கார்ந்தது. ஊர் ஊராகக் கேலி செய்தவர்களே, "தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும் எப்படி ஓடுது?" என்று விசாரிக்க வந்தார்கள். தியேட்டர்காரர் சும்மா இருப்பாரா? வாசலில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டார். 'ஏழு மைக் வெற்றிக்கு உழைத்த அண்ணன் உரக்கடை பரணிதரன்!'

"என்னங்க, ஃபிளக்ஸ்ல நீங்க செந்தில் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறீங்களாமே?" என்றாள் மேகலா.

"நான் எங்க போட்டேன்? அவனுங்களா கம்ப்யூட்டர்ல போட்டுட்டானுங்க."

"அவ்ளோ புடிச்சுப்போச்சா உங்களுக்கு அந்தப் படம்?" என்று அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடையில் யூரியா வாங்க வந்தவர்கள்கூட, "ரசிகர் மன்றத் தலைவர் இருக்காரா?" என்று கேட்டார்கள். பரணிதரன் ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான்.

அதோடு விட்டதா? செந்தில்குமாரே போன் செய்தான்.

"அண்ணே, நான் சினிமாவ விட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு பெட்டி கட்டிட்டேண்ணே. நம்ம ஊருக் கூட்டத்தப் பாத்துட்டு தயாரிப்பாளர் கூப்பிட்டு விட்டாரு. அடுத்த படத்துல நான் மட்டும்தான் ஹீரோ! எல்லாம் உங்களாலதான். ஞாயித்துக்கிழமை வர்றேன், உங்களுக்குப் பொன்னாடை போத்தாம இந்த ஜென்மத்துல எனக்குத் தூக்கம் வராது."

பரணிதரனுக்கு அந்த நிமிஷமே தூக்கம் போய்விட்டது. பெட்டி கட்டியவனை இவனல்லவா கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறான்! ஆனால் இதில் ஒரே ஒரு நன்மை விளைந்தது. "உங்களுக்குப் பொன்னாடை போத்தறப்ப நான் வராம இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று மேகலா புறப்பட்டுவிட்டாள். போனது போகட்டும், எவன் வேண்டுமானாலும் ஹீரோ ஆகட்டும், இவள் படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் தவில், நாயனம், வேட்டு. செந்தில் பொன்னாடை போர்த்தி, எல்லார் முன்னாலும் பரணிதரன் காலில் விழுந்தான். "அண்ணன் இல்லேன்னா நான் இல்ல!" என்றான். கூட்டம் கை தட்டியது. பாகற்காயைப் பச்சையாகக் கடித்தவன் மாதிரி பரணிதரன் சிரித்தான்.

பிறகு மேகலாவை அழைத்துக்கொண்டு, வாசல் கதவருகே நின்ற சித்தீக்கிடம் போனான். "என் வீட்டுக்காரம்மாப்பா. நல்ல சீட்டாப் பாத்து உக்கார வை. படத்த முழுசாப் பாக்கணும்."

மேகலா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சித்தீக் குனிந்து பார்த்தான்.

"அட, இவங்களாண்ணே உங்க வீட்டம்மா? முத நாளே வந்து, பாதிப் படத்துல எந்திரிச்சு, 'இதுக்கு எங்க வீட்டுக்காரரு பாட்டே தேவலாம்யா, காசத் திருப்பிக் குடு'ன்னு என் சட்டையப் புடிச்சவங்களாச்சே!"