முதல் சர்வீஸ்

"எவ்வளவு ஆகும்?" என்று கெல்வின் கேட்டார்.

கேரவனுக்கு அடியில் டாரிலின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. "ஒண்ணும் வேண்டாம் மேட். கம்பெனி பாத்துக்கும்."

கெல்வினுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்து இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். கம்பெனி கிரீஸ், கம்பெனி நேரம், காசு மட்டும் சொந்தப் பைக்கு. இப்படிப்பட்டவன் ஒண்ணும் வேண்டாம் என்றால், ஒரு பெட்டி பீர் என்று அர்த்தம்.

அவருக்கும் வேறு வழியில்லை. கேரவன் வாங்கிய ஒரு வருஷத்துக்குள் கம்பெனி ஆள் சர்வீஸ் செய்து, வண்டியோடு தந்த புத்தகத்தில் முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும். வருஷம் முடிய நாலு நாள். வாங்கிய கடை அடிலெய்டில், எண்ணூறு கிலோமீட்டர். அங்கே போனால் தொள்ளாயிரம் டாலர் தீட்டிவிடுவார்கள் என்று பக்கத்துக் கேரவன்காரர் சொல்லியிருந்தார். புத்தகத்தில் முதல் பக்கத்துக்கு மேல் கெல்வின் படித்ததில்லை. கேரவன்கள் தங்கும் இந்த செடூனா பார்க்குக்கு வேறொரு வண்டியைப் பார்க்க வந்த டாரிலை, கம்பெனிச் சட்டையைப் பார்த்துக் கையோடு பிடித்து வந்திருந்தார்.

டாரில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எல்லாம் சரியா இருக்கு. முத்திரை ரூம்ல இருக்கு. நாளைக்குக் கொண்டுவந்து குத்திடறேன்."

கெல்வின் பீர்ப்பெட்டியைத் தூக்கி நீட்டினார்.

"ஐயோ, வேண்டாம். நான் குடிச்சு ஆறு வருஷமாச்சு."

கெல்வின் உள்ளே வந்தார். "பீர் பத்தாதாம்."

"குடிக்கறதில்லைன்னுதானே சொன்னான்?" என்றாள் அவர் மனைவி நோரீன்.

"அப்படித்தான் சொல்வாங்க. நாளைக்குக் கறி."

"இந்தக் கூத்துக்கு நான் இருக்க மாட்டேன்" என்று மறுநாள் காலையிலேயே நோரீன் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டாள்.

டாரில் முத்திரையோடு வந்தபோது அடுப்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.

"புத்தகத்தைக் குடுங்க, குத்திட்டுப் போறேன்."

"அவசரமென்ன? முதல்ல சாப்பிடு."

அவசரப்படுகிறவன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான். முகம் கொடுத்துப் பேசினால் இளகுவான். கெல்வின் பேசினார். தடம் புரண்ட சரக்கு ரயில். முழங்கால் ஆபரேஷன். வலது முழங்கால், பிறகு இடது. டாரில் நாலு துண்டு கறி தின்றார். இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் கெல்வின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சாயங்காலம் ஒரு போன் வந்தது. டாரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார்.

"பாத்தியா?" என்றார் கெல்வின், திரும்பி வந்த நோரீனிடம். "குத்தாமலே போயிட்டான். கறியும் பத்தலை."

"நீ எங்க அவனைக் குத்த விட்டிருப்பே!"

மூன்றாம் நாள் நோரீன் திரும்பவும் கடற்கரைக்குப் போனாள். கெல்வின் தன் புதுத் தூண்டிலை எடுத்தார். இன்னும் உப்புத்தண்ணீர்கூடப் படாதது. முத்திரையோடு மறுபடி வந்த டாரிலின் கையில் அதைத் திணித்ததும் அவர் கெல்வினையே பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தானே தேடி எடுத்து முத்திரையைக் குத்தினார். கிளம்பும்போது கெல்வினின் தோளை அழுத்தினார்.

"உடம்பைப் பாத்துக்கோங்க."

கெல்வினுக்கு அது மிரட்டலாகப் பட்டது.

அடுத்த வாரம் கேரவனில் இருந்த பிரிட்ஜ் நின்றுவிட்டது. புதுசு இரண்டாயிரத்து அறுநூறு டாலர். வாரண்டி இருந்தால் இலவசம். கம்பெனிக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகக் குத்திய முத்திரை என்று தெரிந்தால், பிரிட்ஜும் போச்சு, வாரண்டியும் போச்சு. டாரிலுக்கு வேலையும் போகும்.

அடிலெய்டு போகும் வழியெல்லாம் கெல்வின் பொய் சொல்லப் பழகினார்.

"நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும்" என்றாள் நோரீன்.

கடையில் ஜனீன் என்ற பெண் புத்தகத்தை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"செடூனாவுல டாரில் பண்ணினதா?"

"அவன்மேல தப்பில்லை!" என்றார் கெல்வின். "நான்தான் கட்டாயப்படுத்தினேன். எவ்வளவுன்னாலும் கட்டிடறேன்."

ஜனீன் நிமிர்ந்தாள். "எதுக்குக் கட்டணும்? முதல் சர்வீஸ் எல்லாருக்குமே இலவசம். மேற்குப் பக்கத்துப் பார்க்குகளுக்கு டாரிலை நாங்கதான் அனுப்பறோம். புத்தகத்துல ரெண்டாம் பக்கத்துல இருக்கே. பிரிட்ஜை வியாழக்கிழமை மாத்திடலாம்."

கெல்வின் நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நோரீனும் சிரித்தாள்.

ஜனீன் மட்டும் சிரிக்கவில்லை. நோரீன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பெண்டாட்டி. நாற்பத்தொரு வருஷமா."

ஜனீன் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இல்ல, டாரில் இங்க ஒரு குறிப்பு எழுதியிருக்காரு: 'வேலை நாற்பது நிமிஷம், ஆனா மூணு நாள் போக வேண்டியதாச்சு. பாவம், மனுஷனுக்குப் பேச்சுத் துணைக்கு யாருமே இல்லை. அந்தப் பக்கம் போறவங்க ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துட்டு வாங்க.'"